தூக்கத்துக்குக் கொடுக்கும் சீனப் புளிப்பிலந்தைப் பருப்பு: நம் இலந்தைக் கொட்டையை உடைத்தால் போதுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மகளோடு இருக்கும் 67 வயது அம்மாவுக்கு ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறார், ஆனால் இரவு 2 மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்துச் சீன மருந்துக்கடையில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும் ஒரு விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ‘சுவான் ஜாவ் ரென், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்’ என்று அனுப்பியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் இலந்தை விதை என்று வருகிறதாம். அப்படியென்றால் ஊரிலிருந்து வரும் இலந்தைப்பழத்தின் கொட்டையையே உடைத்துப் போடலாமா, இது நிஜமாகவே வேலை செய்யுமா, அம்மா ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரையும் இரவில் அரைத் தூக்க மாத்திரையும் போடுகிறாரே பரவாயில்லையா என்று மகள் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: தூக்க மாத்திரை போடுகிறவர், அதை எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தெரியாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறேன். மற்றதை ஆற அமரப் பேசலாம். நான் வைத்தியன் இல்லை. மூலிகைச் சரக்குகளை லென்ஸில் பார்த்து, இது அதுதானா, கலப்படமா என்று பிரிக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன். அதனால் என் பதில் வைத்தியத்தைவிடச் சரக்கின் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். ‘சுவான்’ என்றால் புளிப்பு, ‘ஜாவ்’ என்றால் இலந்தை வகைப் பழம், ‘ரென்’ என்றால் பருப்பு, அதாவது கொட்டைக்குள்ளே இருக்கிற பருப்பு. ஆக, புளிப்பிலந்தைப் பருப்பு. இதை ‘இலந்தைக் கொட்டை’ என்று சொல்லும்போதே பாதிக் குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது, ஏனென்றால் பல்லை உடைக்கிற அந்தக் கல் போன்ற ஓடு மருந்தே இல்லை. அதை உடைத்தால் உள்ளே ஒன்றோ இரண்டோ தட்டையான விதை இருக்கும், அதுதான் சரக்கு. இன்னொரு வேடிக்கை, பெயரில் புளிப்பு இருந்தாலும் பருப்பை மென்றால் புளிக்காது. கொஞ்சம் எண்ணெய்ப்பசையோடு சப்பென்று இருக்கும். புளிப்பு பழத்துடையது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் புளிப்பிலந்தை வட சீனாவின் வறண்ட மலைச்சரிவுகளில், குறிப்பாக ஹெபெய், ஷான்சி, ஹெனான், ஷாண்டோங், லியாவ்னிங் பக்கம் காடாக மண்டிக்கிடக்கும் முள்புதர். தாவரவியல் பெயர் சிசிஃபஸ் ஜுஜுபா, அதில் ஸ்பைனோசா என்ற வகை. ஸ்பைனோசா என்றால் முள் நிறைந்தது, பொருத்தமான பெயர்தான். சிங்கப்பூர்க் கடைகளில் ‘ரெட் டேட்ஸ்’ என்று சிவப்பாகச் சுருங்கிக் கிடக்கிறதே, கோழி சூப்பில்கூடப் போடுவார்களே, அது இதே இனத்தின் வளர்ப்பு வகை. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் சீன மருத்துவத்தில் வேலைகள் வேறு. அந்த ரெட் டேட்ஸில் சதை மருந்து, கொட்டையைத் துப்பிவிடலாம். புளிப்பிலந்தையில் சதை பெயருக்குத்தான், பருப்புக்காகவே பழத்தைப் பறிக்கிறார்கள். விவசாயிகள் இந்த முள்புதரை அடிக்கட்டையாக வைத்து அதன்மேல் வளர்ப்பு வகையை ஒட்டுக்கட்டுவதும் உண்டு.

நம் ஊர் இலந்தை இந்த இரண்டும் இல்லை. அது சிசிஃபஸ் மொரிஷியானா, வெப்பநாட்டு மரம். அப்படியென்றால் தேடும்போது ஏன் எல்லாம் ஒன்றாக வருகிறது? காரணம் பழைய தாவரவியல் பெயர்கள். நம் இலந்தைக்கும் ஒரு காலத்தில் ‘சிசிஃபஸ் ஜுஜுபா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள், பிற்பாடுதான் மொரிஷியானா என்பது நிலைத்தது. நம் மூலிகைப் புத்தகங்கள் பலவற்றில் பழைய பெயர் இன்னும் அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த ஒருவர், சீனர்களின் ஜுஜுபாவும் நம் ஜுஜுபாவும் ஒன்று என்று நம்பி எழுதிவிட்டால், அதை நூறு பேர் நகலெடுத்துவிடுகிறார்கள். பெயர் ஒன்று, மரம் வேறு.

இதில் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நம் இலந்தையின் பருப்புதான் சீனச் சந்தையில் இந்தச் சரக்கின் முக்கியக் கலப்படம்! யுன்னான் மாகாணத்திலும் மியன்மாரிலும் நம் வகை இலந்தை நன்றாக வளர்கிறது, அதன் பருப்பு ‘லி ஜாவ் ரென்’ என்ற பெயரில் வருகிறது. யுன்னானில் அதை அந்தப் பெயரிலேயே, மாற்றுச் சரக்காகப் பயன்படுத்துகிறார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. அதையே சுவான் ஜாவ் ரென் என்று விற்பதும், நல்ல சரக்கோடு பாதிக்குப் பாதி கலப்பதும்தான் பிரச்சினை. இன்னும் மோசமான கலப்படம், தோலோடு இருக்கும் முழு மைசூர் பருப்பு. ஆமாம், நாம் சாம்பார் வைக்கிற அதே பருப்பு. தூக்கம் வராதவர் அதைக் கொதிக்கவைத்துக் குடித்தால் புரதம் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது.

பார்த்துப் பிரிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. நல்ல சுவான் ஜாவ் ரென் 5 முதல் 9 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் தடிமன், செம்பழுப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு நிறம், எண்ணெய் தடவியதுபோல் ஒரு பளபளப்பு. பல விதைகளில் ஒரு பக்கம் லேசாக உப்பியிருக்கும், மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கத்தின் நடுவில் நெடுக ஒரு மேடான கோடு ஓடும். இந்தக் கோடுதான் முக்கிய அடையாளம், விரல்நகத்தால் தடவினாலே தெரியும். நம் இலந்தைப் பருப்பில் அந்தக் கோடு இருக்காது, நிறமும் வெளுத்த மஞ்சள் பழுப்பாக இருக்கும். மைசூர் பருப்பு இரண்டு பக்கமும் ஒரேபோல் உப்பியிருக்கும், நசுக்கினால் எண்ணெய்ப்பசை இருக்காது, மாவாகத்தான் உதிரும். ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, தட்டைப் பக்கம் மேலே வருமாறு திருப்பி வையுங்கள், ஐந்து நிமிட வேலை. பொட்டலத்தில் கொட்டை ஓட்டுத் துணுக்குகள் நிறையக் கிடந்தாலும் அது எடையைக் கூட்டுவதற்காக விட்டுவைத்தது.

கலப்படம் ஏன் இவ்வளவு என்றால் விலை. பழம் சின்னது, கொட்டை பெரியது, அதற்குள் பருப்பு துளியூண்டு. மூட்டை மூட்டையாகப் பழம் பறித்தால்தான் ஒரு பை பருப்பு தேறும். பறிப்பதும் முள்ளுக்குள் கைவிட்டுத்தான். சதையை ஊறவைத்துக் களைந்து, கொட்டையை எந்திரத்தில் உடைத்து, ஓட்டையும் பருப்பையும் பிரித்துக் காயவைக்க வேண்டும். ஹெபெய் மாகாணம் சிங்தாய் நகரத்தை ஒட்டிய நெய்ச்சியூ என்ற மாவட்டம் இந்த வேலைக்குப் பேர்போனது, தாய்ஹாங் மலையடிவாரம், சுற்றுவட்டாரத்துப் பழமெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். தூக்கமின்மை பெருகப் பெருகக் கிராக்கியும் ஏறி, சில வருடங்களில் விலை பல மடங்காகிவிட்டது. விளைவு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பச்சைக்காயாகவே பறித்துவிடுகிறார்கள். காட்டுப்புதர் என்பதால் யார் முதலில் போகிறாரோ அவருக்குத்தான். காயில் பருப்பு முற்றியிருக்காது, சூம்பிப்போய்த் தோலும் வெளுத்து இருக்கும். முறைப்படி இலையுதிர்காலக் கடைசியிலிருந்து குளிர்காலத் தொடக்கம் வரை, பழம் நன்றாகப் பழுத்துச் சிவந்த பிறகு எடுக்க வேண்டிய சரக்கு இது. சில மலைப்பகுதிகளில் குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் பறிக்கக்கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் தடை போட்டும் பார்க்கிறது. அதனால் பொட்டலத்தில் சூம்பின, வெளிறின விதை அதிகமாக இருந்தால் கலப்படம் இல்லாவிட்டாலும் தரம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இதை எதற்குக் கொடுக்கிறார்கள்? இதை வெறும் ‘சீனத் தூக்க மருந்து’ என்று நினைத்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது புரியாது. சீன மருத்துவத்தில் தூக்கமின்மை ஒரு நோய் இல்லை, பல வேறு கோளாறுகள் வெளியே தெரிகிற ஒரு குறி. கல்லீரல் ரத்தத்தைச் சேமித்து வைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ‘ஹுன்’ என்று ஒன்றைச் சொல்வார்கள், நம் சொல்லில் உயிர்ப்பான மனம் என்று வைத்துக்கொள்ளலாம். அது பகலில் கண்வழியே வெளியே உலாவும், இரவானால் கல்லீரலின் ரத்தத்தில் வந்து அடங்கும். ரத்தம் குறைந்துபோனால் ஹுன் அடங்க இடமில்லாமல் அலைகிறது. ஆள் களைத்துப்போயிருப்பார், ஆனால் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், நாக்கு வறட்சி, கனவாக வரும். இந்தக் குறிகளோடு வரும் தூக்கமின்மைக்குத்தான் புளிப்பிலந்தைப் பருப்பு. அவர்கள் சொல்லும் கல்லீரல் நம் ஸ்கேனில் தெரிகிற கல்லீரல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், அந்தப் பெயரில் ஒரு பெரிய கருத்துக்கட்டு. இரவு 1 முதல் 3 வரை கல்லீரலின் நேரம் என்று ஒரு கணக்கும் உண்டு, 2 மணிக்கு எழுந்துவிடுகிறார் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டதும் கடைக்காரர் இந்தச் சரக்கை எடுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த மணிக்கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயதானவர்களுக்குப் பின்னிரவில் தூக்கம் மெலிதாவது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

மாறாக, வயிற்றுப்புளிப்பும் மந்தமும் சேர்ந்து தூக்கம் கெட்டவருக்கு, அல்லது கோபமும் சூடும் ஏறி முகம் சிவந்து தூங்க முடியாதவருக்கு, நல்ல சீன வைத்தியர் இதைத் தனியாக எழுதமாட்டார். ஆளைப் பார்க்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல், நாடி பிடிக்காமல் ‘தூக்கமில்லையா, இந்தாங்க’ என்று கொடுப்பது அவர்கள் மரபின்படியே அரைகுறை வேலைதான். இதைச் சொல்வதால் அந்தக் கடைக்காரருக்கு என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

இதன் புகழ்பெற்ற செய்முறை ஒன்று இருக்கிறது, சுவான் ஜாவ் ரென் தாங், அதாவது இந்தப் பருப்பின் கஷாயம். கிழக்கு ஹான் அரசமரபின் கடைசிக் காலத்தில், கிட்டத்தட்ட கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியருடையது, ‘ஜின்குயி யாவ்லுவே’ என்ற அவருடைய நூலில் வருகிறது. ‘உடல் தேய்ந்து, வெறுமையான மனத்தவிப்பால் தூங்க முடியாதவருக்கு இது’ என்று ஒரே வரி. சேர்மானம் ஐந்துதான். புளிப்பிலந்தைப் பருப்பு தலைமைச் சரக்கு. கூட, சூட்டைத் தணிக்க ஜிமு என்ற கிழங்கு, பைன் மர வேரில் வளரும் ஃபுலிங் என்ற பூஞ்சைக் கட்டி, தேங்கின ரத்தத்தை ஓடவைக்கும் சுவான்சியோங் என்ற சிச்சுவான் வேர், எல்லாவற்றையும் இணக்கமாக்க அதிமதுரம். அந்த அதிமதுரமும் நம் கடையில் கிடைக்கும் வகை இல்லை, அதன் நெருங்கிய சொந்தம்.

அளவைப் பார்த்தால்தான் ஆச்சரியம். மற்றவை ஒன்றிரண்டு லியாங் (அது அந்தக் காலத்து எடை அளவு), பருப்பு மட்டும் 2 ஷெங் (இது முகத்தல் அளவு). ஹான் காலத்து ஷெங் சுமார் 200 மில்லி, ஆக 400 மில்லி கொள்ளுகிற பருப்பு, நிறுத்தால் 200 கிராமுக்கு மேல் போகும், மூன்று வேளைக்குச் சேர்த்து. இன்றைய சீன அரசு மருந்துநூல் சொல்வது ஒரு நாளுக்கு 10 முதல் 15 கிராம்தான். நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது. சில வைத்தியர்கள் 30 கிராமுக்கு மேல்கூட எழுதுகிறார்கள், ‘15 கிராமில் ஒன்றும் ஆகாது’ என்பது அவர்கள் கட்சி. ஆனால் அது ஆளைப் பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவு, இதைப் படித்துவிட்டு நீங்கள் எடுக்கக்கூடாது. செய்முறையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று, பருப்பை மட்டும் முதலில் 8 ஷெங் தண்ணீரில் போட்டு 6 ஆகும்வரை காய்ச்சி, பிறகுதான் மற்ற நான்கையும் சேர்த்து 3 ஆக வற்றவைக்கச் சொல்கிறார். கெட்டியான விதை சீக்கிரம் சாரம் இறங்காது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஆனால் எல்லாக் காலத்திலும் இது தூக்கத்துக்கான சரக்காகவே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சீனத்தின் மிகப் பழைய மருந்துநூலான ‘ஷென்னோங் பென் சாவ் ஜிங்’ புளிப்பிலந்தையை உயர்தர வரிசையில் வைக்கிறது, கைகால் வலி, ஈரத்தால் வரும் வாதம், ஐந்து உள்ளுறுப்புகளுக்கு அமைதி என்றெல்லாம் சொல்கிறது, தூக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. அதில் பருப்பா பழமா என்றுகூடப் பிரித்துச் சொல்லவில்லை. பிறகு 5, 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் என்ற அறிஞர் ஒரு குறிப்பு எழுதினார், எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு அது: கிழக்குப் பக்கத்து மக்கள் இந்தப் பழத்தைத் தூக்கம் கலையத் தின்கிறார்கள், இங்கே தூக்கம் வரவைக்கக் கொடுக்கிறோம், நேர் எதிராக இருக்கிறதே என்று. புளிப்புப் பழத்தை மென்றால் யாருக்குத்தான் தூக்கம் கலையாது! பழமும் பருப்பும் வேறு வேலை செய்யலாம் என்று அங்கேயே விட்டிருக்கலாம்.

விடவில்லை. அதிலிருந்து பச்சையா வறுத்ததா என்று ஒரு பெரிய சர்ச்சை கிளம்பி, ஆயிரம் வருடம் ஓடியது. 1578-ல் தன் பெரிய மருந்துநூலை எழுதி முடித்த லி ஷிஜென், வறுத்த பருப்பு தூக்கம் வராதவருக்கு, பச்சைப் பருப்பு ஓயாமல் தூங்கி வழிகிறவருக்கு என்று எழுதினார். இன்றும் பல கடைகளில் இதைச் சொல்வார்கள். நவீன ஆய்வகங்களில் எலிகளுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்ததில், பச்சையும் சரி வறுத்ததும் சரி, இரண்டுமே அமைதிப்படுத்தத்தான் செய்தன. அதனால் லி ஷிஜென் சொன்னது இந்த இடத்தில் தப்பு என்பதுதான் என் கருத்து. அப்படியானால் வறுப்பது வீணா? இல்லை. இளந்தீயில் புரட்டி, விதை லேசாக உப்பி, நிறம் கொஞ்சம் கறுத்து, வாசனை வந்ததும் இறக்கினால் தோல் மொறுமொறுப்பாகி நன்றாக இடிபடும், சாரம் சுலபமாக இறங்கும். தீய்த்தால் கெட்டுப்போகும், அவ்வளவுதான். நம் வீட்டில் வெந்தயம் வறுக்கிற பக்குவம் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை.

இந்தப் பருப்புக்குள் என்ன இருக்கிறது? மூன்றில் ஒரு பங்கு போல எண்ணெய். அப்புறம் ஜுஜுபோசைடு ஏ, பி என்ற சபோனின்கள், ஸ்பைனோசின் என்ற ஒரு ஃபிளேவனாய்டு. சீன மருந்துநூல் தரத்தை அளப்பது ஜுஜுபோசைடு ஏ, ஸ்பைனோசின் இரண்டையும் வைத்துத்தான். எலிகளில் இவை தூக்க மருந்தின் நேரத்தை நீட்டுகின்றன, மூளையில் காபா, செரோடோனின் என்ற இரண்டு வேதிச் செய்திகளின் வழியாக வேலை செய்வதாகத் தெரிகிறது. ஜுஜுபோசைடு வாய்வழியே போனால் அப்படியே ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு, குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உடைத்துத்தான் உள்ளே அனுப்புகின்றன. எனவே ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு அவர்கள் குடலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

மனிதர்களில்? இங்கேதான் நேர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. பயன்பாட்டுக்குக் குறைவே இல்லை. தைவானில் தேசிய மருத்துவக் காப்பீடே சீன மருந்துக்கும் பணம் கொடுக்கிறது, 2002-ஆம் வருடத்துக் காப்பீட்டுக் கணக்கை ஆராய்ந்தபோது தூக்கமின்மைக்கு அதிகம் எழுதப்பட்ட கூட்டுமருந்து இந்தக் கஷாயம்தான். ஜப்பானில் ‘சன்சோனின்தோ’ என்ற பெயரில் பொடியாக்கிப் பொட்டலம் போட்டு, டாக்டர்களே எழுதுகிறார்கள், அங்கேயும் காப்பீடு உண்டு. ஆனால் ஒன்றை நிறையப் பேர் சாப்பிடுவது வேறு, அது வேலை செய்கிறது என்று காட்டுவது வேறு. சோதனைகள் நடந்திருக்கின்றன, பலவற்றில் தூக்கத்தின் தரம் கூடியதாகவே வருகிறது. பிரச்சினை, பெரும்பாலானவை சின்னச் சோதனைகள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிடாதவை, ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்கு இரண்டு சரக்கைக் கூட்டியும் குறைத்தும் செய்தவை. அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: லேசான தூக்கக் குறைவுக்கு ஓரளவு உதவலாம், நம்பிக்கை தரும் அறிகுறிகள் இருக்கின்றன, உறுதியான சான்று என்று சொல்ல முடியாது. முதல் இரவே மாத்திரை போட்டதுபோல் ஆளைச் சாய்த்தால் நான் சந்தேகப்படுவேன்.

ஏன் சந்தேகம் என்றால், அப்படி நடந்திருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் ‘ஸ்லீப்பிங் புத்தா’ என்ற பெயரில் விற்ற மூலிகைத் தூக்க மருந்தில் எஸ்டசோலம் என்ற, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத தூக்க மாத்திரை மருந்து கலந்திருப்பதாகக் கண்டுபிடித்து அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அதனால் முழு விதையாக வாங்குவதில் ஒரு நன்மை உண்டு, கண்ணால் பார்க்கலாம். பொடியும் கேப்சூலுமாக, அதுவும் இணையத்தில் பெயர் தெரியாத இடத்திலிருந்து வருவதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

தூக்கத்தைத் தாண்டி இதற்கு இன்னொரு பழைய உபயோகம், வியர்வையை நிறுத்துவது. காரணமில்லாமல் பகலில் கொட்டும் வியர்வை, தூக்கத்தில் சட்டை நனையும் வியர்வை இரண்டுக்கும், ஜின்செங்கோ ஃபுலிங்கோ சேர்த்துக் கொடுப்பார்கள். புளிப்பு இழுத்துப் பிடிக்கும் சுவை என்பது அவர்கள் தத்துவம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இரவு வியர்வையும் முழிப்பும் சேர்ந்தே வருவதால் அந்த வயதில் இதை நிறைய எழுதுகிறார்கள். ஆனால் இரவு வியர்வையோடு எடை குறைகிறது, மாலைக் காய்ச்சல் இருக்கிறது, இருமல் நிற்கவில்லை என்றால் கஷாயத்தைத் தேடாமல், காசநோயா என்று பார்க்க முதலில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. அப்புறம் சுங் அரசமரபுக் காலத்து ‘குயி பி தாங்’ என்ற கூட்டுமருந்திலும் இது உண்டு, அது யோசித்து யோசித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டு, பசியும் போய், மறதியும் வந்தவர்களுக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் கவலைப்படுகிற அம்மாக்களுக்கும் ஒரே மருந்து என்று ஒரு சீன நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி உங்கள் அம்மா விஷயம். தூக்க மாத்திரையும் இந்தப் பருப்பும் மூளையில் ஒரே கதவைத் தட்டுகிறவை போலத் தெரிகிறது. எலியிலேயே தூக்க மருந்தின் நேரத்தை நீட்டும் என்று மேலே சொன்னேனே, 67 வயதில் அந்த நீட்சிக்கு அர்த்தம் விடியற்காலை பாத்ரூம் போகும்போது தலை கிறங்கி விழுவது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு தூக்கமின்மையைவிடப் பெரிய தொல்லை. ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் எழுந்ததும் அழுத்தம் இறங்க வாய்ப்பு இன்னும் அதிகம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கட்டும் என்றும் யோசிக்காதீர்கள், பல மாதம் போட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனம்: வென்லாஃபாக்சின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கூடவே இந்தப் பருப்பையும் எடுத்து, செரோடோனின் அதிகமானதுபோன்ற கடும் எதிர்விளைவு வந்ததாக 2004-ல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. ஒரே ஒரு ஆள்தான், ஆனால் பருப்பு செரோடோனின் பக்கமும் வேலை செய்வதாகத் தெரிவதால் அதை ஒதுக்க முடியாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் நிறைய உள்ள விதை என்பதால் வயிறு இளகினவர்களுக்கு இன்னும் இளக்கும், மலச்சிக்கல் இருந்தால் அதுவே லாபம்.

டாக்டர் சரி என்று சொன்னால், சிங்கப்பூரில் சீன வைத்தியர்களுக்குப் பதிவுமுறை இருக்கிறது, அதற்கான சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. பதிவு பெற்றவரிடம் போய், எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். செய்முறையில் பலர் செய்யும் தப்பு, விதையை முழுசாகக் கொதிக்கவிடுவது. அந்தத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், பிறகு பலன் இல்லை என்பார்கள். அம்மியிலோ இடிகல்லிலோ ஒன்றிரண்டாக இடித்துவிட்டுத்தான் போட வேண்டும். இடித்ததை நாள்கணக்கில் வைக்கவும் கூடாது, எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும், அன்றன்றைக்கு இடிப்பதே நல்லது. காய்ச்சிய நீரை மாலையில் பாதி, படுக்க ஒரு மணி முன்னால் பாதி என்று பிரிப்பது வழக்கம். ராத்திரி நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அதற்கே எழுந்திருக்க வேண்டாம் என்றால் வறுத்துப் பொடித்து ஒன்றரை அல்லது 2 கிராம் வெந்நீரோடு விழுங்குவதும் உண்டு.

நம் இலந்தைக் கொட்டையை உடைத்துப் போடுவதற்கு இப்போது பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆப்ரிகாட் பருப்பில் சயனைடு விடும் பொருள் இருப்பதைப் படித்துவிட்டு எல்லாக் கொட்டைப் பருப்பும் அப்படித்தான் என்று சிலர் பரப்புகிறார்கள், இலந்தை அந்தக் குடும்பமே இல்லை. ஆனால் சுவான் ஜாவ் ரென்னுக்குச் சொன்ன அளவும் பலனும் இதற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, உள்ளிருக்கும் பொருள்களின் கலவை வேறு. ஒரு வேளைக்குத் தேவையான பருப்புக்கு எத்தனை இலந்தைக் கொட்டையைச் சுத்தியலால் அடிக்க வேண்டும் என்று ஒருநாள் முயன்று பாருங்கள், அம்மா தூங்குகிறாரோ இல்லையோ நீங்கள் களைத்துத் தூங்கிவிடுவீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மா குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா, மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறார், சாயங்காலம் டீ உண்டா? குறட்டையும் திணறலும் இருந்தால் விஷயமே வேறு, அப்போது இதுவும் சரி தூக்க மாத்திரையும் சரி நிலைமையை மோசமாக்கலாம், தூக்கப் பரிசோதனைதான் முதலில். அது இல்லை என்றால், நாள்பட்ட தூக்கமின்மைக்கு இன்று டாக்டர்கள் முதலில் பரிந்துரைப்பது மருந்தே இல்லை, படுக்கும் நேரத்தையும் பழக்கத்தையும் கவலையையும் ஒழுங்குபடுத்தும், பேசியே செய்கிற ஒரு சிகிச்சை, சில வாரங்கள் எடுக்கும். அதைப் பற்றியும் அதே டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் விதைகள் எல்லாம் உப்பிய பக்கமாகவே கிடக்கின்றன, நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் இரண்டு மூன்று மட்டும் வெளுத்துத் தெரிகிறது. தட்டைப் பக்கம் மேலே வருமாறு ஒரு இருபது விதையைத் திருப்பி வைத்து, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலும் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.